சைகோனிலிருந்து வந்த பேட்

ஆட்டத்தில் பெரியது பேட்டா, கையா என்ற வழக்கு எங்கள் ஊர் மைதானத்தில் தினமும் சாயங்காலம் நடக்கும். நான் கை கட்சி. பேட்டைக் குறை சொல்கிறவனைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்துவிட்டு, உடனே பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். நரம்பை விரலால் சுண்டுவான். பேட் என்ன செய்யும், பாவம், அது பாட்டுக்குச் சும்மாதானே இருக்கிறது என்பேன்.

நாங்கள் ஆடியது பூப்பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, மஞ்சள் கம்பளியில் சுற்றிய சின்னப் பந்து. தரையில் விழுமுன் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். பேட் மரச் சட்டம். உள்ளே குடல் நரம்பால் பின்னியிருக்கும். இந்த நரம்புக்கு ஒரு குணம் உண்டு. ஈரக் காற்றுப் பட்டால் அப்பளம் மாதிரி நமுத்துப் போகும். எங்கள் காரைக்காலிலோ மத்தியானம் தாண்டினால் கடற்காற்று எழும்பிவிடும். நமுத்த நரம்பில் பந்து துள்ளாது, சோர்ந்து பாதி வழியில் விழும். அதனால் எங்கள் ஊர் ஆட்டக்காரன் எல்லோரும் ஒரு பிடி கூடுதலாக ஓங்கி அடித்துப் பழகியவர்கள்.

அந்தப் பழக்கத்தோடு மேற்கே போய் ஆடினால் மானம் போகும். அங்கே காற்று உலர்ந்தது, நரம்பு விறைப்பாக நிற்கும், நாங்கள் அடிக்கிற அடியில் பந்து அடுத்த தெருவில் போய் விழும். இதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஈரத் துண்டு. வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பும்போது பேட்டை நனைத்த துண்டில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போவோம். துண்டு காய்ந்தால் வழி ஸ்டேஷன் குழாயில் நனைத்துக்கொள்வோம். நரம்பு சீக்கிரம் கெட்டுப்போகும்தான். தெரிந்தேதான் செய்தோம். காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று எதிர் சீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

என் நண்பன் எங்கள் ஐவரில் நடு ஆட்டக்காரன். அவன் மணிக்கட்டில் இருந்த சூட்சுமம் எனக்கு ஏழு ஜென்மத்திலும் வராது. நான் பின்னால் நிற்பவன். கையில் பலம் போதாது, எவ்வளவு ஓங்கினாலும் என் பந்து எதிராளிக்கு வசதியாக நடுவில் போய் விழும். அதை அடித்துக் கொல்லுவார்கள். என்னை ஏன் சேர்த்துக்கொண்டார்கள் என்றால், தவறாமல் வருவேன், அதற்காக.

அவன் குடும்பத்துக்குச் சைகோனில் துணிக்கடை. அவனுடைய அக்காள் புருஷன் அங்கே இருந்து பார்த்துக்கொண்டார். அந்த வீட்டு ஆண்கள் மீசை அரும்பியதும் கப்பல் ஏறுவார்கள், நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போவார்கள். இவனும் ஒரு தடவை போய் ஒரு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டான். இனிமேல் போகமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். கல்யாணம் ஆகிவிட்டது, மனைவி முழுகாமல் இருந்தாள். அவனுடைய வாப்பா தாம் பிறந்து மூன்று வருஷம் கழித்துத்தான் தகப்பனைப் பார்த்தாராம். இவனும் தன் வாப்பாவை அப்படித்தான் பார்த்தான். "என் புள்ளைக்கும் அந்த கதி வேணாம், மாப்ளே" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

ஆனால் உள்ளூரில் வேலை எங்கே? பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருஷம் அது. நாங்கள் இரண்டு பேரும் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். ப்ரெவே பரீட்சை பாஸ் என்று முன்பெல்லாம் நிமிர்ந்து சொல்லிக்கொள்வோம். இப்போது எந்த ஆபீசில் போய் நின்றாலும் இங்கிலீஷ் தெரியுமா என்றார்கள். எனக்காவது போலகத்தில் அப்பாவின் நிலம் இருந்தது, வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு மைதானம்தான்.

அந்தச் சமயத்தில்தான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மச்சான் சைகோனிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் அவனுக்கு ஒரு பேட் கொடுத்தனுப்பினார். லேசான சட்டம், நல்ல கைப்பிடி. நரம்புக்குப் பதில் நைலான். நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. கடற்காற்றோ வெயிலோ, அதற்கு ஒன்றுதான். ஒரே மாதத்தில் அவன் ஆட்டம் வேறு ஆட்டம் ஆகிவிட்டது. நினைத்த இடத்தில் பந்தை வைத்தான்.

"இப்ப என்ன சொல்றே, பேட்டா கையா?" என்று கேட்டான்.

"அந்த பேட்ட என் கையில குடுத்தா நான் ஒன்னய மாதிரி ஆடிடுவேனா?" என்றேன். அவன் பேட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மேற்கே, ரயிலில் அரை நாள் தூரத்தில், ஒரு சர்க்கரை ஆலையில் பூப்பந்து அணி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரனுக்கு ஆலையிலேயே வேலை கொடுப்பார்கள். காலையில் ஆபீஸ், சாயங்காலம் ஆட்டம். குடியிருக்க வீடும் உண்டு. மாயவரத்தில் இவன் ஆடியதைப் பார்த்த யாரோ சொல்லி, வந்து ஆடிக் காட்டச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். அவனுடைய வாப்பா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீயும் கூடப் போயிட்டு வாப்பா. வேல கெடச்சா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், அங்கேயே இருக்கட்டும். கெடைக்கலன்னா அடுத்த கப்பல்ல அனுப்பிடுவேன். மச்சான் எத்தன நாளு தனியாக் கெடந்து மாரடிப்பாரு?"

"கெடச்சிடும் மாமா, நீங்க கவலப்படாதீங்க" என்றேன். அவர் கவலைப்படவில்லை. கப்பலுக்குச் சொல்லி வைத்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார் என்று பிறகு தெரிந்தது.

சித்திரை மாதம். ஆலை இருந்த ஊரில் இறங்கியதும் மூக்கு காய்ந்தது. சைகோன் பேட்டுக்கு ஈரத் துண்டு தேவையில்லை என்பதால் நாங்கள் துண்டே கொண்டுபோகவில்லை. என் பேட்டும் வீட்டில்தான் கிடந்தது. நான் வந்தது துணைக்கு.

ஆட்டத்தைப் பார்க்க ஆலை மேனேஜர் வந்தார். பருத்த மனிதர், நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நண்பனின் பேட்டை வாங்கிப் பார்த்தார், நைலானைத் தட்டிப் பார்த்தார்.

"இது சீமைச் சரக்கு. இத வச்சு ஆடினா ஆட்டம் உங்களுதா, பேட்டோடதான்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க பேட்ட எடுத்துக்குங்க" என்றார்.

நியாயம்தானே. கை கட்சிக்காரனான எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது தெரியும் பார் என்று நண்பனைப் பார்த்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஆலை பேட்டின் நரம்பைச் சுண்டினான். கம்பி மாதிரி இருந்தது. அவன் மேனேஜரிடம் போய், வேறு ஊர்க்காரன் எவனும் கேட்கத் துணியாத ஒன்றைக் கேட்டான்.

"ஒரு துண்ட நனைச்சுத் தரச் சொல்லுங்க சார். கொஞ்ச நேரம் சுத்தி வச்சிட்டு ஆடறேன்."

மேனேஜர் முகம் மாறிவிட்டது. அந்தப் பக்கத்தில் நரம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே பதறுவார்கள். பவுடர் போட்டு, மரச்சட்டத்தில் இறுக்கி, பீரோவில் வைக்கிற சாமான் அது.

"பேட்டக் குளிப்பாட்டணுமா? நல்லா இருக்கே கதை. ஆலை சாமானக் கெடுக்கறதுக்கா வந்தீங்க?"

"எங்க ஊருல அப்படித்தான் சார்."

"உங்க ஊருல செய்யுங்க. இங்க ஆடறதுன்னா ஆடுங்க."

நண்பனுக்கு எதிர்ப் பக்கத்தில் ஓர் ஆள் குறைந்தது. மேனேஜர் என்னைக் காட்டி, "நீங்களும் ஆடுவீங்களா? சும்மா நில்லுங்க அந்தப் பின்பக்கம்" என்றார். கையில் பேட் இல்லை. நாற்காலி ஓரமாகக் கிடந்த சைகோன் பேட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். என்னை யாரும் தேர்வு பார்க்க வரவில்லை, எனவே அதை யாரும் கவனிக்கவில்லை.

முதல் பந்து என்னிடம் வந்தது. வழக்கம்போல ஓங்கி அடித்தேன், வழக்கம்போல நடுவில் விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். அது எல்லார் தலைக்கும் மேலே போய், பின்கோட்டுக்கு அரை அடி உள்ளே இறங்கியது. அங்கே நின்றவன் அசையவே இல்லை. அடுத்ததும் அப்படியே. என் ஆயுசில் நான் அப்படி ஆடியதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் நிற்பது யார் என்பது கொஞ்ச நேரம் எனக்கு மறந்துபோயிற்று.

நண்பன் அடித்ததெல்லாம் வெளியே போயிற்று. ஒன்று ஒரு முழம், இன்னொன்று ஒரு சாண். அவன் குறைத்து அடித்துப் பார்த்தான், வலையில் விழுந்தது. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். மறுபடி வெளியே. அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவனுக்கு வாகாகப் பந்தைப் போட்டேன். அதையும் வெளியே அடித்தான்.

முதல் ஆட்டம் முடிகிற நேரத்தில் அவன் கை அந்த பேட்டைக் கண்டுபிடிக்கத் தொடங்கியது. எனக்குத் தெரிந்தது. கடைசியாக அவன் அடித்த இரண்டு பந்தும் கோட்டின் மேலேயே விழுந்தன. இன்னும் ஒரே ஓர் ஆட்டம் கொடுத்திருந்தால் போதும், எங்கள் எல்லோரையும் ஓட ஓட அடித்திருப்பான். ஆனால் மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவருக்கு வெயில் தாங்கவில்லை.

நேரே என்னிடம் வந்தார். "எந்த ஊரு, என்ன படிச்சிருக்கீங்க? அடுத்த மாசம் வந்து சேந்துக்கலாமா?"

நான் பதறிப்போனேன். "ஆடறவன் அவன் சார். நான் ஆடினது அவன் பேட்டால. அத அவன்கிட்ட குடுத்துப் பாருங்க."

அவர் பேட்டைப் பார்க்கவே இல்லை. என் தோளில் தட்டினார். "நண்பனுக்காக விட்டுக் குடுக்கறீங்க. நல்ல குணம். இந்த மாதிரி ஆளுதான் ஒரு டீமுக்கு வேணும்" என்றார். உண்மையைச் சொன்னதற்கு எனக்கு நல்ல பெயர் வேறு கிடைத்துவிட்டது. என்ன மனிதர் இவர் என்று ஆத்திரமாக வந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் நண்பன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். திருவாரூர் வந்ததும் நான்தான் ஆரம்பித்தேன், எனக்கு அந்த வேலை வேண்டாம் என்றேன்.

"நீ வேணாம்னா எனக்குக் குடுத்துடுவானா? வேற எவனுக்காவது போவும். நீ போய்ச் சேரு" என்றான். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? சேர்ந்தேன்.

வீட்டுக்குப் போனதும் அவனுடைய வாப்பா ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு வாரத்தில் அவன் கிளம்பினான். பேரளம் போய், அங்கிருந்து மெட்ராஸ் ரயில், பிறகு கப்பல். மனைவிக்கு எட்டாம் மாதம், ஸ்டேஷனுக்கு வரக்கூடாது என்று வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வண்டி கிளம்புகிற சமயம் அவன் சாமான்களுக்கு நடுவிலிருந்து பேட்டை உருவி ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினான்.

"நீ வச்சுக்க மாப்ளே. இது இல்லாம போனீன்னா ஒரே வாரத்துல ஒன்னயக் கண்டுபுடிச்சிடுவானுங்க."

கிண்டலாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது உண்மை என்பதால் கூடுதலாகவே வலித்தது. வாங்கிக்கொண்டேன்.

அந்த பேட்டோடு ஆலையில் ஒரு வருஷத்துக்கு மேல் நல்ல ஆட்டக்காரனாக இருந்தேன். பிறகு நைலான் அறுந்தது. அப்போது அந்த நைலான் எங்கும் கிடைக்கவில்லை, நரம்பு போட்டார்கள். அந்த விறைத்த நரம்பில் என் பந்துகள் கோட்டுக்கு வெளியே போயின, குறைத்து அடித்தால் வலையில் விழுந்தன. மேனேஜர் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு என்னைக் கரும்பு எடை போடுகிற இடத்துக்கு மாற்றினார். நல்ல வேளை, வேலையை விட்டு அனுப்பவில்லை. எடை எனக்கு நன்றாக வந்தது, அங்கேயே நிலைத்துவிட்டேன்.

பேட்டா, கையா என்று யாராவது ஆரம்பித்தால் இப்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுகிறேன். நல்ல கை எந்த பேட்டையும் பழக்கிக்கொள்ளும், ஆனால் அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அவனுக்கு அந்த நேரத்தைக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அவன் ஊருக்கு வந்தபோது மகளுக்கு நாலு வயது. அன்று எனக்கு லீவு, மாமாவோடும் குழந்தையோடும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வாப்பா வருகிறார், ரயிலில் வருகிறார் என்று காலையிலிருந்து சொல்லி வைத்திருந்தார்கள். வண்டி நின்றது. நண்பன் இறங்கினான், இளைத்திருந்தான், முன் தலையில் முடி இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். குழந்தை அவனைச் சுற்றிக்கொண்டு போய், ரயில் பெட்டியின் வாசலில் நின்று, உள்ளே இருந்து இறங்குகிற ஒவ்வொருவரையும் பார்த்தது.

"இவருதாம்மா" என்றார் மாமா.

அது கேட்கவில்லை. கடைசி ஆள் இறங்கி வண்டி காலியான பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.