எந்தப் பக்கம் அருந்ததி?

மே மாதத்து அமாவாசை, சனிக்கிழமை. மாலை நான்கரை மணிக்கு ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்து வாசலில் செல்வத்தின் கார் வந்து நின்றது. ஜெபல் ஜைஸ் மலைக்குப் போய்வர முந்நூற்றைம்பது திர்ஹம், காத்திருக்கும் நேரமும் சேர்த்து. என் கணவர் குவைத்தில் மங்காஃபில் வேலை பார்க்கிறார். எனக்கு ஊருக்குள் ஓட்டத்தான் தைரியம். மலைக்குச் செல்வம்தான். முதுகுளத்தூர்க்காரர், என்னை அக்கா என்பார்.

பின்னிருக்கையில் என் மகள் நிவேதா, பத்தாம் வகுப்பு. ஜனவரியில் பள்ளியில் பாட்மின்டன் ஆடும்போது இறகுப்பந்து அவள் வலது கண்ணில் பட்டது. இரண்டு நாள் "நல்லா தெரியுதும்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சாம்பார்க் கிண்ணத்தைத் தாண்டி மேஜையில் கரண்டியை வைத்தாள். அன்றுதான் ஒரு மூலையிலிருந்து கறுப்புத் திரை இறங்குகிறது என்று ஒப்புக்கொண்டாள். விழித்திரை கிழிந்திருந்தது.

அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டார்கள். அது விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும், தானே மெல்லக் கரையும். அது கரையும்வரை விமானம் கூடாது, மலை கூடாது. உயரம் போனால் காற்றழுத்தம் குறைந்து குமிழி பெரிதாகும், கண் போய்விடும் என்றார் டாக்டர். சிகிச்சை முடிந்ததும் பல நாள் குப்புறப் படுத்துக் கிடந்தாள். படிக்க முடியாது, காதில் எதையாவது கேட்கலாம். தலையணையில் முகம் புதைத்தபடி அவள் கேட்டதெல்லாம் நட்சத்திரங்களைப் பற்றி.

இப்போது குமிழி முழுவதும் கரைந்துவிட்டது, தாராளமாகப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்துக் காட்டினாள். ஆனால் அதே பலகையை அத்தனை முறை பார்த்தவள். மனப்பாடமாகச் சொன்னாளோ? "தெரியுது" என்ற அவளுடைய வார்த்தையை நம்ப என்னால் முடியவில்லை.

அதனால்தான் அருந்ததி. "மங்கலான ஸ்டார்மா. ரெண்டு கண்ணாலயும் தனித்தனியா பார்த்துச் சொல்றேன். அப்புறமாச்சும் என்னை விடுவியா?" என்றாள். ஷார்ஜா வெளிச்சத்தில் அது எங்கே தெரியும்! மலைக்குப் போக அவளுக்கு ஒரு சாக்கு. எனக்கும் வேண்டித்தான் இருந்தது.

311ஆம் எண் சாலையில் வடக்கே போனோம். ராஸ் அல் கைமா நெருங்க நெருங்கக் கல் ஏற்றிய லாரிகள், சிமெண்ட் ஆலைகள், வெள்ளைப் புழுதி போர்த்திய மரங்கள். ஒரு கடை வாசலில் கரக் டீ குடித்தோம், கோப்பை இரண்டு திர்ஹம். எங்கே, எதற்குப் போகிறோம் என்று அங்கேதான் செல்வத்திடம் சொன்னேன்.

"அருந்ததியா? என் கல்யாணத்துல பாத்தேனேக்கா."

"என்ன தெரிஞ்சுது?"

"ஃபேன். ஐயரு கையக் காட்டுன எடத்துல ஃபேன்தான் ஓடுச்சு. தெரியுதான்னாரு, தெரியுதுன்னேன். பசி வேற."

நிவேதா டீயைத் துப்பிவிட்டாள். என் கல்யாணமும் மதுரையில் காலை பத்து மணிக்குத்தான் நடந்தது. மண்டபத்தின் கூரையைப் பார்த்து நானும் பணிவாகத் "தெரியுது" என்றேன். நாம் எல்லோரும் அப்படிச் சொல்லிப் பழகியவர்கள்தான்.

ஆறு மணிக்கு மலை ஏறத் தொடங்கினோம். ஒரு புல் கூட இல்லாத மொட்டைப் பாறை, மேலே போகப் போக சாம்பல் நிறம் மாறிச் செம்மையானது. சாலை வளைந்து வளைந்து ஏறியது. எனக்குக் காது அடைத்தது. உடனே திரும்பினேன்.

"கண்ணு வலிக்குதா?"

"மா, சில் பண்ணு. கண்ணுல இருந்த கேஸ் போயிடுச்சு. உனக்குத்தான் கேஸ்."

செல்வம் சிரிப்பை அடக்கப் பார்த்து ஸ்டியரிங்கைத் தட்டினார். நிவேதா முன்னே சாய்ந்து என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அருந்ததியும் ஒரு கேஸ் உருண்டைதாம்மா. உள்ள இருக்கிற சூடு வெளிய தள்ளும், அதோட வெயிட் உள்ள இழுக்கும். ரெண்டும் சமமா இருக்கிறவரைக்கும் ஸ்டெடியா எரியும். அந்த மாதிரி ஸ்டாருக்குத்தான் மெயின் சீக்வென்ஸ்னு பேரு. நம்ம சூரியனும் அதுதான்."

"அப்போ சூரியன் மாதிரிதானா?"

"சேச்சே! சூரியனைவிட பதினாலு மடங்கு வெளிச்சம். வெயிட்டு கிட்டத்தட்ட டபுள். மேல எட்டாயிரம் டிகிரி, அதான் மஞ்சளா இல்லாம வெள்ளையா இருக்கு. செகண்டுக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல சுத்துது. சூரியன் ரெண்டுதான்."

"ஒரு செகண்டுலயா? நூத்தி இருவதுக்கே எனக்கு ரேடார் அடிச்சு ஃபைன் வருது பாப்பா," என்றார் செல்வம்.

"அவ்வளவு வெளிச்சம்னா ஏண்டி மங்கலா தெரியுது?"

"எண்பது லைட் இயர் தூரம்மா! இப்போ வர்ற வெளிச்சம் ஆச்சியே பொறக்காதப்ப கிளம்பினது."

அவள் குரலில் இருந்த துள்ளலைக் கேட்டு நான்கு மாதமாகிவிட்டது. எனக்கும் தொற்றிக்கொண்டது. மேலே இன்னும் எவ்வளவு தூரம் என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்க ஆரம்பித்தேன்.

மலைமேல் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் இறங்கியதும் குளிர்ந்த காற்று. மே மாதத்தில், இந்த நாட்டில்! துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மேற்கில் கடல் இருந்த பக்கம் சிவப்பு வடிந்தது. எட்டேகாலுக்கு நன்றாக இருட்டிவிட்டது. இவ்வளவு நட்சத்திரங்களை நான் பார்த்து எத்தனையோ வருடமாயிற்று. வடக்கே திரும்பி அண்ணாந்தால் ஏழு ரிஷிகள், கவிழ்த்துப் போட்ட அகப்பைபோல.

"காம்பு நுனியிலிருந்து ரெண்டாவது, அது வசிட்டர். அவர் பக்கத்துலயே அருந்ததி," என்றாள் நிவேதா. இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள். அறுவை நடந்த கண் மட்டும் திறந்திருந்தது. "தெரியுதும்மா."

நான் பார்த்தேன். வசிட்டர் இருந்த இடத்தில் எனக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் தெரிந்தது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒன்றுதான். மறுபடியும் அதே "தெரியுது".

பக்கத்து வண்டியருகே ஓர் எமிராத்திக் குடும்பம் கம்பளம் விரித்து உட்கார்ந்திருந்தது. தந்தை தன் இரண்டு சிறுவர்களையும் வடக்கே பார்த்து நிறுத்தி, "வேன் சுஹா?" என்று கேட்டார். பெரியவன் உடனே கையை நீட்டிக் கத்தினான். தந்தை குனிந்து மறுபடி ஏதோ கேட்டார். பையன் விழித்தான். "சத்தாப்!" என்று சொல்லி அவர் சிரிக்க, தாயும் சேர்ந்து சிரித்தாள்.

"சுஹாதான்க்கா அருந்ததி போல," என்றார் செல்வம். "எங்கன்னு கேட்டாரு. இவன் பாத்துட்டேங்குறான். யமீனா யசாரா, வலதா இடதான்னு கேட்டதும் மாட்டிக்கிட்டான். சத்தாப்னா பொய்க்காரன், அப்படித் திட்டுறாரு."

அந்தத் தந்தை எங்களைப் பார்த்துத் தலையசைத்து, பழைய காலத்தில் எங்கள் ஆட்கள் கண்ணைச் சோதிப்பது இதை வைத்துத்தான் என்று இந்தியில் சொன்னார். பேரீச்சம்பழத் தட்டையும் நீட்டினார்.

வெறும் "தெரியுதா" போதாது. எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். இது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை!

செல்வத்தைத் தனியே இழுத்துப் போனேன். "உங்களுக்குத் தெரியுதா? நிஜமா?"

"இங்க ஃபேன் இல்லியேக்கா," என்றவர் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு ரகசியமாக, "வலப்பக்கம். லேசா கீழ. புள்ளி மாதிரி."

திரும்பி வந்தேன். நிவேதாவின் இடது கண்ணை நானே என் உள்ளங்கையால் பொத்தினேன். அவள் இமைமயிர் கையில் பட்டுப் பட்டு அடித்தது.

"எந்தப் பக்கம்?"

அவள் கழுத்தை இன்னும் பின்னால் சாய்த்தாள்.

"ரைட்டு," என்றாள். "நேர் ரைட்டு இல்ல. கொஞ்சம் கீழ. ரொம்பக் குட்டியா. வெள்ளையா."

நான் என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு கத்தியிருக்கிறேன். கம்பளத்திலிருந்த சிறுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். செல்வம் விசிலடித்தார். எட்டாயிரம் டிகிரியில் எரியும் அந்த வெள்ளை உருண்டையிலிருந்து எண்பது ஆண்டுகள் ஓடிவந்த வெளிச்சம், தைத்த கண் வழியாக என் மகளுக்குள் போயிருக்கிறது.

"நீ பாத்தியாம்மா?"

"தெரியுது, தெரியுது," என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். லேசா கீழ."

அவள் என் முகத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தாள். "செல்வம் அண்ணன் சொன்னதைச் சொல்லாத. உனக்குத் தெரியுதா?"

நான் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்தேன்.

"சத்தாப்!" என்று நிவேதா கத்த, அந்தச் சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"தெரியலடி," என்றேன். சொல்லிவிட்டதும் மனசு எவ்வளவு லேசாகிவிட்டது!

இறங்கும்போது எனக்குக் கண் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள், தன் கைபேசியிலேயே. மங்காஃபிலிருந்து அவள் அப்பா அழைத்தார். "என்னாச்சு, தெரிஞ்சுதா?" என்றார். "ஒருத்திக்கு," என்றாள் நிவேதா.

ஷார்ஜாவில் காரைவிட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தேன். ஆரஞ்சு நிற வானத்தில் வசிட்டரே இல்லை. ஆகஸ்டில் மதுரையில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். விமானம் ஏறத் தடையில்லை, டிக்கெட் போட வேண்டியதுதான். மண்டபத்தில் சாஸ்திரிகள் கூரையைக் காட்டி மணப்பெண்ணிடம் அருந்ததி தெரியுதா என்று கேட்பார். அவளும் தலையாட்டுவாள். அப்போது நிவேதாவை மேடைக்குப் பக்கத்தில் நிற்கவிடக் கூடாது. எந்தப் பக்கம் என்று கேட்டுவிடுவாள்.