ஜெனரேட்டர் பம்ப் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

போன வருடம் தீபாவளி முடிந்து, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் அலங்கார விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்த சமயம். செம்பவாங்கில் ஒரு பட்டறை வளாகத்தின் பின்பக்கம், எங்கள் உணவு வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டு மல்லாந்து படுத்திருந்தேன். எனக்கு வயது ஐம்பத்தாறு. அதுவரை வீட்டில் ஒரு குழாய்க்கு வாஷர்கூட மாற்றியதில்லை.

அந்த வண்டி என் கணவருடையது. செம்பவாங் கப்பல் பட்டறையில் பல வருடங்கள் ஃபிட்டராக வேலை பார்த்தவர், ஓய்வு வாங்கிய கையோடு பழைய வேன் ஒன்றை எடுத்து, உள்ளே அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் தானே பொருத்தினார். மின்சாரத்துக்கு, வெளிநாட்டில் படுத்துத் தூங்கும் வசதியுள்ள கேம்பர் வண்டிகளில் வைக்கிற மாதிரி பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வரவழைத்துப் பின்பக்கம் அடியில் மாட்டினார். பள்ளிக்கூட கார்னிவல், கம்பெனிக் குடும்ப தினம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். நான் தோசை வார்ப்பேன், அவர் நுரை ததும்பத் தே தாரிக் டீ ஆற்றுவார். வாயும் ஓயாது. வரிசையில் நிற்பவர்களைப் பேசியே நிற்க வைத்துவிடுவார்.

அந்த வாயைத்தான் பக்கவாதம் முதலில் பிடித்தது. ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். கோப்பை, குடை, நாய் என்று படம் படமாகக் காட்டி, "இது என்ன அங்கிள்?" என்று பயிற்சி தரும் பெண் கேட்பாள். பாவம், நல்ல பெண். ஆனால் இவர் சில வாரங்கள் முயன்று பார்த்துவிட்டு, அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். பிறகு வரவே மாட்டேன் என்பதுபோல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நானும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், வற்புறுத்த என்னிடம் தெம்பு இல்லை.

ஒரு மனிதரைத் தூக்கி, உட்கார வைத்து, குளிப்பாட்டி, ஊட்டி, மறுபடி படுக்க வைப்பது எப்படிப்பட்ட வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். மகளுக்கு விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. அவள் வீட்டில் இருக்கும் நேரத்தில் தூங்கத்தான் முடியும். செங்காங் வீட்டில் நாள் முழுக்க நானும் அவரும்தான். போகப் போக நான் பேசுவதும் குறைந்தது. பதில் வராத இடத்தில் எவ்வளவுதான் பேசுவது? "கையைத் தூக்குங்க", "வாயத் தொறங்க", அவ்வளவுதான்.

வண்டி செம்பவாங்கில் சும்மா நின்றது. விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். காத்தோங்கில் இருக்கும் ஒரு தமிழ்ப் பையன், கல்யாணமாகி இரண்டு வருடம் இருக்கும், காப்பிக் கடை போடக் கேட்டான். வண்டி பிடித்திருந்தது. ஆனால் ஜெனரேட்டரைப் போட்டால் கொஞ்சம் உறுமிவிட்டு அணைந்துபோனது. "அது ஓடினா எடுத்துக்குறேன் ஆன்ட்டி, இல்லன்னா கஷ்டம் லா" என்று மரியாதையாகச் சொன்னான். திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி வந்து பார்ப்பதாகப் பேச்சு.

இதை நான் என் கணவரிடம் சொல்லவில்லை. மகள் ஒருநாள் கேட்டாள்.

"அப்பாட்ட சொல்லிட்டியாமா?"

"சொன்னா மட்டும் என்ன புரியப் போவுது அவருக்கு?" என்றேன். சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னேன். அவர் படுத்திருந்த அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

ஜெனரேட்டர் பார்க்கிற மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுகிற சின்னப் பம்ப் போய்விட்டது என்றார். ஸ்விட்சை அழுத்திப் பிடித்தால் டிக் டிக் என்று சத்தம் வர வேண்டுமாம், வரவில்லை. அசல் பம்ப் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும், விலையும் அதிகம். "அந்த ஜெனரேட்டரையே தூக்கிப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை, மகள் வீட்டில் இருந்த இரண்டு மணி நேரத்தில் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போனவள், அப்படியே நடந்து ஜாலான் புசார் பக்கம் உதிரிப்பாகக் கடைகளில் ஏறி இறங்கினேன். நாலாவது கடையில் ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் நான் கைப்பேசியில் காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு அட்டை டப்பாவோடு வந்தார். கம்பெனிப் பெயர்கூட இல்லாத பம்ப். "அசல் இல்லக்கா, வேற கம்பெனி. ஆனா அளவு அதேதான். சேரலன்னா கொண்டாந்து குடுத்துடுங்க" என்றார். அசலுக்குச் சொன்ன விலையில் கால்வாசிகூட இல்லை. யார் மாட்டப் போகிறார்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். சிரித்தார். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அன்று ராத்திரி வீடியோக்கள் பார்த்தேன். அமெரிக்கக்காரர் ஒருவர் பஸ் அளவு இருக்கும் கேம்பர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி இதே பம்ப்பை மாற்றினார். அவர் கையைப் பார்த்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருந்தது. சரி, நாமும் செய்து பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை மகளுக்கு வேலை. இவரைத் தனியாக விட முடியாது. சக்கர நாற்காலியோடு டாக்ஸியில் ஏற்றிச் செம்பவாங் போனேன். பட்டறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. இவரை ஒரு மரத்தடி நிழலில் நிறுத்தினேன். "கொஞ்ச நேரம் இருங்க, வந்துடுறேன்" என்றேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடியோவில் சொன்னபடி முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன். பெட்ரோல் வரும் ரப்பர்க் குழாயை இடுக்கியால் நெருக்கிப் பிடித்தேன். அப்படியும் கொஞ்சம் கையிலும் கீழே வைத்திருந்த தட்டிலும் வழிந்தது. நாற்றம் தலைக்கு ஏறியது. பழைய பம்ப்பைப் பிடித்திருந்த திருகு இளகவே மாட்டேன் என்றது. கீழே படுத்துக்கொண்டு தலைக்கு மேலே கையைத் தூக்கி வேலை செய்தால் தோள் விட்டுப்போகிறது. கை இறங்கும், கொஞ்சம் மூச்சு விடுவேன், மறுபடி தூக்குவேன். துரு கண்ணில் விழுந்தது. எப்படியோ பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, இரண்டு பக்கமும் குழாயைச் செருகிக் கிளிப்பை இறுக்கினேன். வயரை இணைத்தேன். எழுந்து நின்றபோது முதுகு நிமிரவில்லை.

பேட்டரியைத் திரும்ப மாட்டி ஸ்விட்சை அழுத்தினேன். டிக் டிக் டிக் என்று அழகாகச் சத்தம் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. உடனே ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. இருமியதே தவிர ஓடவில்லை.

அப்படியே தார்த்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. பம்ப்புக்காக மட்டும் வந்த அழுகை இல்லை அது.

அப்போதுதான் அவர் சத்தம் போட ஆரம்பித்தார். "ஆ... ஆ..." என்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். "ஒண்ணுக்கு வருதா?" தலையை ஆட்டினார், இல்லை. "தண்ணியா? வெயிலா இருக்கா?" இல்லை, இல்லை. சத்தம் பெரிதானது. இடது கையால் நாற்காலியைத் தட்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "சரி வாங்க, வீட்டுக்கே போயிடலாம், எல்லாம் போதும்" என்று நாற்காலியைத் திருப்பித் தள்ளினேன். அவர் இடது காலைத் தரையில் ஊன்றி, இடது கையால் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துவிட்டார். நாற்காலி நகரவில்லை. அவ்வளவு பலம் அவரிடம் மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அவர் கண் போன இடத்தைப் பார்த்தேன். வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல வண்டிக்குப் பக்கத்தில் தள்ளிப் போனேன். கீழே கிடந்த பழைய பம்ப்பைக் காட்டினார். எடுத்துக் கொடுத்தேன். இடது உள்ளங்கையில் வைத்து அதைப் பார்த்தார். தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். விரலால் புரட்டினார். மறுபடி புரட்டினார். என் முகத்தைப் பார்த்தார்.

"என்னங்க? ஒடஞ்சிருக்கா? அதான் புதுசு மாட்டிட்டேனே" என்றேன்.

மறுபடி புரட்டினார். எனக்கு விளங்கவில்லை. அவர் முகம் சிவந்தது. உதடு கோணியது, தொண்டையில் ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. பிறகு வந்தது, மணி அடித்த மாதிரி.

"மடச்சி!"

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு வார்த்தை. தோசை கருகினால், சில்லறையை மாற்றிக் கொடுத்தால், அந்த வண்டிக்குள் தினமும் வாங்கிய திட்டுதான். இரண்டாவது வார்த்தை கொஞ்சம் இழுத்து வந்தது. "தி...ருப்பு."

அவர் கையிலிருந்த பழைய பம்ப்பை வாங்கிப் பார்த்தேன். அதன் உடம்பில் சின்னதாக ஒரு அம்புக்குறி, பெட்ரோல் போக வேண்டிய திசையைக் காட்டி. வண்டிக்கு அடியில் போய் டார்ச் அடித்தேன். புதியதிலும் அம்பு இருந்தது, மங்கலாக. எஞ்சினைப் பார்க்க வேண்டிய அம்பு டேங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைகீழாக மாட்டியிருக்கிறேன். சத்தம் மட்டும் வந்திருக்கிறது, பெட்ரோல் போகவில்லை. டிக் டிக் கேட்டும் எஞ்சின் பிடிக்காததை வைத்தே அவர் கண்டுபிடித்திருக்கிறார்.

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே சிரித்தேன். எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று தெரியவில்லை. வெளியே அவரும் ஏதோ சத்தம் செய்தார். அது சிரிப்புதான் என்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாதி முகம்தான் சிரித்தது.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றித் திருப்பி மாட்டினேன். இந்த முறை நாற்காலியை வண்டியை ஒட்டி நிறுத்தி, அவர் பார்க்கப் பார்க்கச் செய்தேன். குழாயைச் செருகும் முன் தூக்கிக் காட்டுவேன். தலையசைத்தால் செருகுவேன். முடித்ததும் அவசரமாக ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினேன். அவர் உள்ளங்கையை விரித்துத் தடுத்தார். பிறகு கீழே காட்டினார். தட்டில் பெட்ரோல் நின்றிருந்தது, பக்கத்தில் தரையும் நனைந்திருந்தது. முதல் தடவை அதைக் கவனிக்காமலேதான் அத்தனை முறை ஸ்டார்ட் செய்திருக்கிறேன். ஒரு பொறி பறந்திருந்தால் இருவரும் போயிருப்போம். தட்டை அப்புறப்படுத்தி, துணியால் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்கிறவரை இருவரும் நிழலில் காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பில்தான் சொன்னேன். "வண்டிய விக்கப் போறேங்க. அதுக்குத்தான் இதெல்லாம்."

பதில் வராது என்று எழப் போனேன். அவர் என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தெ...தெரியும்."

எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் போனில் பேசியது, மகளிடம் சொன்னது, எல்லாம் அந்தத் திறந்த கதவு வழியாகக் கேட்டிருக்கிறது. என்ன புரியப் போகிறது என்று நான் கேட்டதும்கூட. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து போய் ஸ்விட்சை அழுத்தினேன். டிக் டிக் கேட்டது, எஞ்சின் ஒருமுறை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணை மூடி, அந்தச் சத்தத்தில் ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டியை விற்க வேண்டாம் என்று மனம் மாறினேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. என்னால் அதை ஓட்ட முடியாது, அவரால் நிற்க முடியாது. திங்கட்கிழமை அந்தக் காத்தோங் பையன் வந்தான். மகள் லீவு போட்டிருந்தாள், அவரை அவளோடு வீட்டில் விட்டிருக்கலாம், ஆனாலும் இருவரையும் கூட்டிப் போனேன். ஜெனரேட்டரைப் போட்டுக் காட்டியதும் அவன் என்னிடம், "பம்ப் ஒரிஜினலா ஆன்ட்டி?" என்று கேட்டான். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அடக்கிக்கொண்டு, "அங்கிளைக் கேளுப்பா, அவர்தான் பாத்தாரு" என்றேன்.

அவன் ஒரு கணம் தயங்கினான். பிறகு நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டான். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். அவருக்கு உதடு கோணியது. நெற்றியில் வியர்த்தது. மகள் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள், நான் அவள் கையைப் பிடித்தேன். அந்தப் பையனும் அவசரப்படவில்லை. போன் அடித்தது, பார்க்காமலேயே அணைத்தான்.

"இல்ல," என்றார் என் கணவர். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "நல்லா... ஓடும் லா."

"அப்ப போதும் அங்கிள்," என்று அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினான்.

இப்போது வண்டி காத்தோங் பக்கம் எங்கோ காப்பி விற்கிறது. பேச்சுப் பயிற்சிக்கு மறுபடி போகிறோம். படங்களைப் பார்த்து அவர் இன்னும் முகத்தைச் சுளிக்கத்தான் செய்கிறார், ஆனால் போகிறார். பெரிய முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. சில நாள் ஐந்தாறு வார்த்தை, சில நாள் ஒன்றும் இல்லை. என் முதுகு வலியும் அப்படியேதான் இருக்கிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. டாக்டரோ பக்கத்து வீட்டுக்காரரோ அவரைப் பற்றி என்னிடம் கேட்டால், நான் பதில் சொல்வதில்லை. அவர் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அந்த ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால், என்னோடு இத்தனை வருடம் வாழ்ந்த மனிதர் உள்ளேயிருந்து நடந்து வந்து பதில் சொல்லிவிடுகிறார்.