சித்தப்பா மெருகேற்றிய மூலை

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் சித்தப்பா இருந்தார், மேஸ்திரி இருந்தார், நான் இருந்தேன். அம்மா வரவில்லை. "என் மூஞ்ச மெஷின்ல குடுத்து நசுக்கப் போறீங்க, அத நான் வேற வந்து பாக்கணுமா?" என்று சொல்லிவிட்டார். மெஷினுக்குள் போகவிருந்தது, செம்புத் தகட்டில் நான் செதுக்கிய அவர் முகம். மறுநாள் சென்னை ஓவியக் கல்லூரியில் அதன் அச்சைக் கொடுத்தால்தான் கடைசி ஆண்டு தேறும். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போன முதல் ஆள் நான்.

மெஸ்ஸோடின்ட் என்னும் அந்த முறையில் வேலை இருட்டிலிருந்து தொடங்குகிறது. பல் வைத்த வளைந்த உளியைத் தகட்டின் மேல் ஆட்டி ஆட்டி முழுதும் சொரசொரப்பாக்க வேண்டும். அப்படியே மை தடவி அழுத்தினால் முழுக் கறுப்புதான் விழும். வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டித் தேய்த்து வழவழப்பாக்கினால் சாம்பலும் வெள்ளையும் மெல்ல மேலே வரும். அம்மாவின் முகத்தை அப்படி வெளியே எடுத்து, சுற்றிலும் கறுப்பை விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நான் மை வாங்க வேலூர் போய்த் திரும்புவதற்குள் சித்தப்பா தகட்டைப் பார்த்திருக்கிறார். தோலைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பிரிவில் வேலை செய்பவர். எந்தப் பரப்பைக் கண்டாலும் அவர் உள்ளங்கை தானாகத் தடவும். சொரசொரப்பு தட்டினால் பொறுக்காது. நான் வந்தபோது ஒரு மூலை கண்ணாடிபோல் மின்னியது. "சொரசொரன்னு கெடந்துச்சுடா, முடிக்காம விட்டுட்டுப் போய்ட்டன்னு நெனச்சேன்," என்றார். விஷயம் புரிந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுபடி கறுப்பாக்க நாளும் இல்லை, உளியும் கல்லூரிக்குத் திரும்பியிருந்தது.

கல்லூரியின் அச்சு இயந்திரம் பழுதாகிக் கிடந்ததால்தான், தோலில் பூ அழுத்தும் மெஷினுக்கு மேஸ்திரியிடம் கேட்டிருந்தோம். அவர் சூட்டை அணைத்துவிட்டு, மை தடவிய தகட்டில் ஈரத்தாளை வைத்து, அதன் மேல் கம்பளி விரித்து அழுத்தத்தை ஏற்றினார். சித்தப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தாளை உரித்தேன். "டேய் தோஸ்த், இந்தப் பக்கம் திரும்பு. உன் மூலைல விடிஞ்சிடுச்சு," என்றார் மேஸ்திரி. அம்மாவின் காதோரம் யாரோ கதவைத் திறந்ததுபோல் வெள்ளை பரவியிருந்தது. அந்தக் கன்னத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

பேராசிரியர் அந்த மூலையைத்தான் வெகுநேரம் பார்த்தார், தேர்ச்சி போட்டார். இப்போது அந்த அச்சு எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் சித்தப்பா, "அந்தக் கதவு நம்ம போட்டதுதான்," என்கிறார். அம்மா மறுப்பதில்லை. சித்தப்பா கை வைத்ததற்கு எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, தேர்ச்சிச் செய்தி கேட்டபின் அவர் ஒரே இருப்பில் சாப்பிட்டு முடித்த இரண்டு பிரியாணி: முந்நூற்று இருபது ரூபாய்.