அடைக்காமல் விட்ட மூன்று கற்கள்

சாகும்வரை அவரை எல்லோரும் இடுக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். பதித்த தளக்கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைப்பதுதான் வேலை. மச்சினன் கல் பதித்துக்கொண்டே போவான். இவர் பின்னாலேயே முட்டி போட்டு நகர்வார். "எங்க வீட்டுக்காரருக்கு உக்காந்த இடத்துலயே சம்பளம்" என்று மனைவி அக்கம்பக்கத்தில் அளப்பாள்.

வேலை என்னவோ பொறுமையைச் சோதிப்பது. இடுக்கிலுள்ள தூசியைத் தட்டியெடுத்து, லேசாக நனைத்து, கலவையை மெல்லிய கரண்டியால் அழுத்தி அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். கல்லின் மேல் அப்பிக்கொண்டால் கறை போகாது.

ஒருமுறை தையற்காரம்மா ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் வேலை. ஒரு காலை எடுத்துவிட்ட அவர் கணவரை மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் கூட்டிவருகிறார்கள். முன்வாசலில் படி, பின்வழியாகத்தான் வர முடியும்.

கதவோரத்துக் கல்லில் கரண்டிப் பிடி தற்செயலாகப் பட்டது. அடியில் காலியாக இருப்பதுபோல் டொப்பென்றது. பக்கத்துக் கல்லைத் தட்டினார். அதுவும். மூன்றாவதும் அதே கதை.

"மாப்ள, இந்த மூணும் எப்படி உக்காந்திருக்கு?"

"மூலைக்கு ஒரு உருண்டை கலவைதான் வச்சிருக்கேன் மாமா. அடி முழுக்கப் பரப்பக் கலவை பத்தல. நீங்க சுத்தி அடைச்சுட்டா அசையவே அசையாது."

"சக்கரம் ஏறினா?"

"உங்களுக்கு இடுக்குதானே வேலை? அதைப் பாருங்க."

இடுக்கு மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். காட்டிக் கொடுத்தால் இந்த வீட்டு வேலை மட்டுமல்ல, மச்சினன் பேரே போய்விடும். அப்புறம் மனைவி முகத்தில் விழிக்க முடியாது. மூடிவிட்டாலோ, ஒற்றைக்கால் மனிதர் குப்புற விழுவார். மற்ற இடுக்குகளையெல்லாம் அடைத்து முடித்தார். அந்த மூன்று கற்களைச் சுற்றி மட்டும் விட்டுவிட்டு, கரண்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

தையற்காரம்மா எட்டிப் பார்த்தார். "அங்க ஏன் விட்டுட்டீங்க?"

"பதிச்சவர் இங்கதான் இருக்காரும்மா. அவரையே கேளுங்க."

மச்சினன் இவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "அடியில காத்து நிக்குதும்மா. என் தப்புதான். தூக்கித் திரும்பப் போட்டுடறேன்."

"நாளைக்கு அவர் வந்துடுவாரே!"

"வரட்டும்மா. நாங்க இருப்போம்."

கடப்பாரை போட்டுக் கற்களைப் பெயர்த்து, அடியில் கலவையை நிரப்பித் திரும்பப் பதிப்பதற்குள் இருட்டிவிட்டது. மச்சினன் இவர் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினான்; இடுக்கு கலவையை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை நாற்காலி வந்தபோது அடிக் கலவை இன்னும் இறுகவில்லை; அந்தக் கற்களில் பாரம் ஏற்றக் கூடாது. பக்கத்து வரிசையில் கால் வைத்து, ஆளுக்கொரு பக்கமாக நாற்காலியைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"தளம் போட்டவங்களே தூக்கிட்டுப் போறதா இருந்தா எனக்கு எதுக்குய்யா தளம்?" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

இடுக்கு சிரித்துவிட்டார். சிரித்ததில் அவர் பக்கம் நாற்காலி சாய்ந்தது.

"மாமா! சிரிக்கறதை அப்புறம் வச்சுக்கங்க, முதல்ல ஆளைப் பிடிங்க" என்றான் மச்சினன்.