அம்மா ஓடிய வருஷம்

என் அம்மா ஓடி நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அறந்தாங்கியில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில், வாயில் கரண்டியும் கரண்டியில் எலுமிச்சம்பழமுமாக, கறுப்புப் பர்தாவை இரண்டு கையாலும் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அத்தனை தாய்மார்களையும் பின்னால் தள்ளிவிட்டு முதல் ஆளாக வந்தாள். வந்த வேகத்தில் விழுந்தும் விட்டாள். அப்போது நான் ஆறாம் வகுப்பு. இன்றைக்கும் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் யாராவது எடுத்தால் நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன்.

தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்குத் தைராய்டு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம், ஏதோ வெளியூரிலிருந்து விருந்தாளி வந்து தங்கிவிட்ட மாதிரி. அது எல்லோர் கழுத்திலும் பிறவியிலேயே இருக்கும் ஒரு சுரப்பி, அம்மாவுக்கு அது வேலை செய்வதைக் குறைத்துக்கொண்டுவிட்டது என்பதெல்லாம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த அம்மா எப்போதும் அசந்துபோய் இருப்பாள். சித்திரை வெயிலில்கூட ஃபேனைக் கூட்டி வைக்க விடமாட்டாள், குளிருகிறது என்பாள். முகம் லேசாக உப்பியிருக்கும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தால் நடுவில் ஒரு மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துதான் மிச்சத்தை நடப்பாள். நான் எதைக் கேட்டாலும் “அப்பறம் பாப்பம்” என்பாள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

தினமும் காலையில் தொழுதுவிட்டு, வெறும் வயிற்றில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குவாள். அரை மணி நேரம் போன பிறகுதான் டீ. அந்த அரை மணி நேரம் நாங்கள் யாரும் அவள் பக்கம் போகமாட்டோம். டீ குடிக்காத அம்மாவிடம் பேசுகிற துணிச்சல் சவுதியில் வேலை பார்த்த என் அப்பாவுக்கே, எங்கள் அத்தாவுக்கே, கிடையாது.

அத்தா அங்கே இருந்ததால் வீட்டின் வைத்திய இலாகா பெரியம்மாவின் கையில் இருந்தது. அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, பக்கத்து வீடு, பல வருஷச் சர்க்கரை நோயாளி. ரத்தம் கொடுத்துக் கொடுத்து அவளுக்கு லேப் ரிப்போர்ட்டுகளின் மேல் ஒரு தனி உரிமை வந்திருந்தது. தெருவில் யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் முதலில் அவளிடம்தான் வரும். அவளுடைய சட்டம் மிகவும் சுலபமானது. எண்ணுக்குப் பக்கத்தில் ஹெச் என்று போட்டிருந்தால் கூடிவிட்டது, கெட்டது. எல் என்று போட்டிருந்தால் குறைந்துவிட்டது, நல்லது. சர்க்கரைக்கு அப்படி, கொழுப்புக்கு அப்படி, தைராய்டு மட்டும் என்ன மேலே இருந்தா குதித்தது?

அந்த வருஷ நோன்பு மாதம் வந்தது. விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் அம்மா எழுந்து சமைத்து, எல்லோருக்கும் வைத்துவிட்டு, கடைசியாகத்தான் உட்காருவாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்குள் பால்சோற்றை அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, கடைசி மடக்கு டீயோடு அந்த வெள்ளை மாத்திரையையும் விழுங்கிவிடுவாள். நோன்பிலும் ஒரு நாள் தவறாமல் மாத்திரை போடுகிறாளே என்று பெரியம்மா அவளைத் தெருவுக்கே முன்மாதிரியாகக் காட்டினாள். நோன்பின் கடைசி வாரத்தில் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு நாள் வந்தது. ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். என்ற எழுத்துகளுக்கு நேரே பதினெட்டு என்று இருந்தது. நாலரைக்குள் இருக்க வேண்டியதாம். பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஹெச்.

பெரியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஓடினார்கள். அங்கே பெருநாள் கூட்டம். டாக்டர் எண்ணைப் பார்த்தார், எழுபத்தைந்து மைக்ரோகிராமாக இருந்த மாத்திரையை நூற்றி இருபத்தைந்து ஆக்கினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பெருநாள் முடிந்ததும் அம்மா பழையபடி காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில், புது மாத்திரையை விழுங்கத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறொரு பெண் நடமாட ஆரம்பித்தாள்.

முதலில் முகத்தின் வீக்கம் வடிந்தது. அப்புறம் உடம்பு மெலிந்தது. நாங்கள் எழுவதற்குள் வீடு துடைத்து, துணி காயப்போட்டு, இடியாப்பம் பிழிந்து முடிந்திருக்கும். பீரோவை இங்கிட்டும் கட்டிலை அங்கிட்டும் நகர்த்தினாள், பிடிக்காமல் அடுத்த வாரமே திரும்ப மாற்றினாள். சாயங்காலம் சந்தில் நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பாண்டி ஆடிக்கொண்டிருந்தபோது திடீரென்று வந்து, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒற்றைக் காலில் எட்டுக் கட்டத்தையும் தாண்டினாள். என் அம்மாவுக்கு ஒற்றைக் காலில் நிற்கத் தெரியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

தெருப் பெண்கள் எல்லோரும் என்ன சாப்பிடுகிறாய் என்று விசாரித்தார்கள். வீடியோ காலில் அத்தா ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “யாரு இது, கல்யாணப் பொண்ணா?” என்றார். அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் எதைக் கேட்டாலும் “வா, இப்பவே போவம்” என்றாள். எனக்கு அந்த அம்மாவை அவ்வளவு பிடித்திருந்தது. பழைய அம்மாவைப் பிடிக்காமல் இல்லை. ஆனால் இவளைப் பார்க்கத்தான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்தேன்.

மற்றதையெல்லாம் நாங்கள் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தோம், கண்டுகொள்ளவில்லை. மழைக்காலத்திலும் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு அது ஓடவே இல்லை என்று சண்டை பிடித்தாள். மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டாள், இன்னும் மெலிந்தாள். டீ கொண்டுவந்தால் தட்டில் தம்ளர் கடகடவென்று ஆடும். ஒரு நாள் தம்பி பால் கொட்டியதற்குக் கரண்டியை விட்டெறிந்தாள். உடனே அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நோயிலிருந்து எழுந்த உடம்பு, கொஞ்சம் துள்ளத்தான் செய்யும் என்றாள் பெரியம்மா.

எங்கள் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குச் சில நாள் முன்பு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பெரியம்மாதான் வாங்கி வந்தாள். தெருமுனையிலிருந்தே சத்தம் கேட்டது.

“அல்ஹம்துலில்லாஹ்! பதினெட்டு இருந்துச்சு, இப்பப் பாரு, ஒண்ணுமே இல்ல. எல்லு போட்டிருக்கான்!”

புள்ளிக்குப் பிறகு ஒரு பூஜ்யமும் அதற்குப் பிறகு ஒரு ஒன்றும் இருந்தன. ஏறக்குறைய சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி. பெரியம்மா பாத்திஹா ஓதச் சொல்லி, சர்க்கரைப் பொங்கல் செய்து தெருவுக்கே கொடுத்தாள். டாக்டரிடம் எப்போது காட்டுவது என்று அம்மா கேட்டதற்கு, “கூடுனாத்தான்டி டாக்டரு. கொறஞ்சதுக்கு எதுக்கு?” என்றாள். அந்தக் கேள்வியின் நியாயம் எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

விளையாட்டு விழாவில் தாய்மார்களுக்கான போட்டி அறிவித்ததும், வழக்கமாகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் அம்மா கூப்பிடாமலே எழுந்து போனாள். நான் கத்திய கத்தலில் என் தொண்டை கட்டிக்கொண்டது. அவள் கோட்டைத் தாண்டியபோது மற்றவர்கள் பாதி மைதானத்தில் பழத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வாயிலிருந்து கரண்டியை எடுத்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்தக் கை அப்படியே கீழே இறங்கியது. பிறகு முழங்கால் மடங்கியது. பிறகு அம்மா மண்ணில் கிடந்தாள்.

நான் ஓடிப் போய் அவள் நெஞ்சில் காதை வைத்தேன். உள்ளே, பெருநாள் அவசரத்துக்குத் தையல் மிஷினை மிதிப்பதுபோல, தாளமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதுவரை மனித நெஞ்சில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. அம்மா செத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். டீச்சர் ஒருவர் என்னைத் தூக்கி விலக்கினார். ஆம்புலன்ஸில் பெரியம்மா ஏறிக்கொண்டாள். என்னை ஏற்ற மறுத்தார்கள், நான் கதவை விடாமல் தொங்கியதால் ஏற்றினார்கள்.

அறந்தாங்கியில் ஒரு ஊசி போட்டுப் புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மார்பில் வயர்களை ஒட்டிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். நூற்றி இருபத்தைந்தை உடனே நிறுத்தினார்கள். சில நாள்களில் நெஞ்சின் ஓட்டம் தணிந்து, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன காலையில், அங்கே பார்த்த டாக்டரம்மா எங்களை அறைக்குள் கூப்பிட்டார். பெரியம்மா எல்லா ரிப்போர்ட்டுகளையும் மேஜையில் வைத்தாள். அவர் இரண்டை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இது தைராய்டோட அளவு இல்லம்மா. மூளை தைராய்டப் பாத்து வேலை செய், வேலை செய்னு போடுற சத்தம். தைராய்டு தூங்குனா சத்தம் கூடும். ஒடம்புல மருந்து தேவைக்கு மேல இருந்தா சத்தம் அடங்கிரும். இங்க சத்தமே இல்ல. நீங்க இதுக்குச் சந்தோசப்பட்டிருக்கீங்க.”

பெரியம்மா சர்க்கரைப் பொங்கலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மேஜையில் இருந்த மற்ற ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தாள்.

டாக்டரம்மா முதல் ரிப்போர்ட்டைத் தொட்டு, அந்தச் சமயத்தில் மாத்திரையை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார். சஹருக்குச் சாப்பிட்டுவிட்டு, டீயோடு என்றாள் அம்மா. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“நோன்புன்னு அந்த டாக்டர்ட்டச் சொன்னீங்களா?”

“ஊரே நோன்புங்க. அவருக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்.”

சோற்றோடும் பாலோடும் போன மாத்திரையில் பாதி உடம்பில் சேரவே இல்லையாம். அதனால்தான் அந்தப் பதினெட்டு. பழைய மாத்திரையில் ஒரு குறையும் இல்லை. அதைப் போட்ட நேரத்தைக் கேட்காமல் அளவைக் கூட்டிவிட்டார்கள். நோன்பு முடிந்து வெறும் வயிற்றில் போட்டபோது அத்தனையும் சேர்ந்து இதயத்தை அடித்து ஓட்டியிருக்கிறது. அடுத்த நோன்புக்கு முன்னால் வந்தால் நேரத்தை மாற்றித் தருகிறேன் என்றார். மெலிந்தது, வியர்த்தது, கை நடுங்கியது, கோபம் வந்தது, தூங்காமல் வேலை செய்தது, எல்லாமே அதனால்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றையும் விரலில் எண்ணிக்கொண்டு வந்தேன். அப்படியென்றால் என்னோடு பாண்டி ஆடியது யார்? வா, இப்பவே போவம் என்றது யார்? நான் ஓடி ஓடி வந்து பார்த்தது ஒரு தப்பான மாத்திரையையா? பதினொரு வயதில் ஒருவர் தன் அம்மாவைப் பற்றி இப்படி ஒரு செய்தியைக் கேட்கக் கூடாது.

டாக்டரம்மா எழுபத்தைந்தை எழுதிக் கொடுத்தார். நாங்கள் எழுந்துவிட்டோம். அம்மா மட்டும் எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மேஜை விளிம்பைத் தடவியபடி கேட்டாள்.

“கொஞ்சம் கூடப் போட்டுத் தரக் கூடாதுங்களா? அவ்வளவு வேணாம். கொஞ்சூண்டு.”

பெரியம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

“உயிருக்கே ஆபத்தா வந்து படுத்திருந்தீங்க, தெரியும்ல?”

“தெரியுங்க. ஆனா அந்தக் கொஞ்ச மாசந்தான் நான் மனுஷியா இருந்தேன்.”

“அது நீங்க இல்லம்மா, மாத்திரை” என்றார் டாக்டரம்மா. கனிவாகத்தான் சொன்னார். அளவு சரியாக நின்றால் பழைய அசதியும் குறையும், பொறுமையாக இருங்கள் என்றும் சொன்னார். அம்மா சரிங்க என்று எழுந்துகொண்டாள்.

மைதானத்தில் அவள் விழுந்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. என் அம்மா தன்னைக் கொல்லப் பார்த்த மாத்திரையைக் கேட்கிறாள். கெஞ்சிக் கேட்கிறாள். அப்படியானால் அவளுக்குச் சாக ஆசை, எங்களை விட்டுவிட்டுப் போக ஆசை. எனக்கு வேறு அர்த்தம் எதுவும் கிடைக்கவில்லை.

அறந்தாங்கி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் எனக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பஸ் புறப்பட்டதும் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் அந்தப் பெரிய மாத்திரையைக் கேட்கவே மாட்டேன் என்று அல்லா மேல் சத்தியம் செய்யச் சொன்னேன். பெரியம்மா என்னை அதட்டினாள். நான் விடவில்லை, அழுதேன்.

“கேக்கல” என்றாள் அம்மா. “போதுமா?”

போதும் என்றேன். அவளைச் சாவிடமிருந்து பறித்துக்கொண்டு வந்துவிட்ட பெருமையில் அவள் மடியிலேயே படுத்து ஊர் வரும் வரைக்கும் தூங்கினேன். வழி நெடுக அம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தாள் என்று பெரியம்மா மறுநாள் என்னிடம் சொன்னாள். ஊசி குத்திய கை வலித்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.