வெள்ளைத் திட்டு விழுந்த வாழையிலை

போன வாரம் எங்கள் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், வாழையிலையை ஒற்றை விரலால் தடவிப் பார்த்தே ஒரு தில்லுமுல்லைக் கண்டுபிடித்துவிட்டார். ஸ்ரீரங்கம் கேட்டரிங் வட்டாரத்தில் இப்போது அவர்தான் ஹீரோ!

என்ன தில்லுமுல்லு? சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் என்னோடு ஆனி மாதத்துக்கு வர வேண்டும். அன்று இதே பெரியவர், இதே விரலை நீட்டி, என் வீட்டு விசேஷத்தையே கலங்கடித்தார்.

என் மகள் நித்யாவுக்கு நிச்சயதார்த்தம். ஸ்ரீரங்கத்திலேயே சின்ன மண்டபம். சமையல் பொறுப்பு பழனிவேல் – இந்தப் பக்கத்தில் நாலு பேருக்குத் தெரிந்த கேட்டரிங்காரர். மெனு முழுக்க அவர் இஷ்டம். இலை மட்டும் நான் சொல்லும் ஆளிடம்தான் வாங்க வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தேன். அந்த ஆள், செல்வி.

செல்விக்கு முக்கொம்புப் பக்கம் ஒரு கிராமம். அவளும் கணவர் முருகேசனும் இலைக்காகவே வாழை வைத்திருக்கிறார்கள். ஸ்கூட்டரின் பின்னால் இலைக்கட்டைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவாள். இலை கொடுக்க ஒரு நிமிஷம், ஊர்க்கதை பேச அரை மணி நேரம். எனக்கும் வேறு என்ன வேலை?

அப்படிப் பேசியதில்தான் எனக்கு இந்த விஷயமெல்லாம் தெரிய வந்தது. வாழைக்கு இலைப்புள்ளி என்று ஒரு பூஞ்சை நோய் வரும். பழத்துக்காகப் பயிர் செய்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். இலையையே விற்கிறவர்கள் என்ன செய்வார்கள்? புள்ளி விழுந்த இலை மாட்டுக்குத்தான். எனவே பூஞ்சைக்கு மருந்து அடித்தே ஆக வேண்டும்.

அடிக்கிறவர் முருகேசன். முதுகில் டேங்க், கையில் குழாய். மாஸ்க், கையுறை எல்லாம்? திருச்சி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள், தெரியும். அடித்த அன்றைக்கெல்லாம் கண் எரியும், கை தடித்துப் போகும். போன வருடம் ஒரு நாள் மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும்படி ஆகிவிட்டது.

“அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்க்கா. அந்த மருந்து இனிமே எங்க கொல்லைக்குள்ள வரக் கூடாது” என்றாள் செல்வி.

தோட்டக்கலை அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கிறாள். அங்கே ஒரு பாக்டீரியா மருந்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஆபத்து குறைவு, ஆனால் அடிக்கடி அடிக்க வேண்டும், வேலை அதிகம். பரவாயில்லை என்று மாறிவிட்டார்கள். முருகேசனுக்குத்தான் அரை மனசு. வியாபாரம் படுத்தால் பழைய மருந்துக்கே போய்விடுவேன் என்று சொல்லித்தான் சம்மதித்தாராம்.

இந்த வருஷத்து ஆவணி முகூர்த்தங்களுக்கு முழுக்க முழுக்கச் செல்வியிடமே இலை எடுப்பதாகப் பழனிவேல் வாக்குக் கொடுத்திருந்தார். என் வீட்டு விசேஷம் அதற்கு வெள்ளோட்டம்!

இனி மண்டபத்துக்கு வாருங்கள்.

தட்டு மாற்றியாயிற்று. முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. செல்வியும் நின்று இலை போட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பந்தியை நோக்கி வருகிறார்கள். முன்னால் வருகிறவர் மாப்பிள்ளையின் பெரியப்பா, ராமதுரை. பெரிய தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி கன்ட்ரோலில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது ஆள்தான். கண் இன்னும் டியூட்டியில் இருக்கிறது.

இலை முன்னால் நின்றார். குனிந்தார். விரலால் தடவினார். விரல் நுனி வெள்ளையாக வந்தது.

“என்னம்மா இது?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். இலைகளில் அங்கங்கே வெள்ளையாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது.

“மருந்தும்மா, மருந்து! இதுல சுடச்சுட சோத்தைப் போட்டா அப்படியே கரைஞ்சு வயித்துக்குள்ள போகும். எங்க ஆளுங்க யாரும் இதுல உட்கார மாட்டாங்க” என்றார். சத்தமாகவே சொன்னார்.

பந்தி அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பழக்கமான பார்வைதான் அது – ‘இலை நீ சொன்ன இடத்துலதானே?’

பழனிவேலுக்கு வியர்த்துவிட்டது. “நான் அப்பவே சொன்னேன் மேடம், மார்க்கெட்லயே எடுத்துக்கறேன்னு. அங்க இலை கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றவர், செல்வி பக்கம் திரும்பினார். “தப்பா நினைக்காதம்மா. ஆவணி ஆர்டரை நான் வேற இடத்துல பார்த்துக்கறேன்.”

செல்வியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவள் அழவில்லை. உடனே செல்லை எடுத்து முருகேசனைக் கூப்பிட்டாள். பேசிவிட்டு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்: “முந்தாநாள் அடிச்சதுங்க ஐயா. பவுடரைத் தண்ணில கரைச்சு வடிகட்டணும். அவசரத்துல வடிகட்டாம அடிச்சிருக்காரு. அதான் திட்டு. தப்பு எங்க மேலதான். ஆனா இது அந்தப் பழைய மருந்து இல்லீங்க.”

“எல்லாரும் இப்படித்தாம்மா சொல்வாங்க” என்றார் ராமதுரை.

அவர் கேட்டதில் தப்பில்லை என்று இன்று சொல்கிறேன். அன்று? கையில் கிடைத்த சாம்பார் வாளியை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று யோசித்தேன்.

“அந்த மருந்தைச் சொன்ன ஆபீசர் நம்பர் இருக்கா செல்வி?” என்றேன். இருந்தது. ஸ்பீக்கரில் போட்டோம். எடுத்தவர் ஒரு இளம் பெண் அதிகாரி. நல்ல பொறுமைசாலி. பின்னணியில் குக்கர் விசில் கேட்டது. பாவம், விடுமுறை நாளில் பிடித்துவிட்டோம்.

“வெள்ளையா தெரியுறது டால்க் பவுடர் சார். அந்த பாக்டீரியாவை அதுல கலந்துதான் பாக்கெட் பண்றாங்க. கழுவினா போயிடும்” என்றார்.

“சாப்பாட்டுல எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்? அந்த அளவைச் சொல்லுங்க” என்றார் குவாலிட்டி கன்ட்ரோல்.

“ரசாயன மருந்துக்கெல்லாம் ஒவ்வொரு பயிருக்கும் இவ்வளவுதான் மிச்சம் இருக்கலாம்னு அரசாங்கம் அளவு வச்சிருக்கு சார். இதுக்கு அளவு வைக்கல.”

ராமதுரை எங்கள் எல்லோரையும் வெற்றியோடு பார்த்தார். “கேட்டீங்களா? அளவே கிடையாதாம்! கன்ட்ரோலே இல்ல!”

“ஐயோ, அப்படி இல்ல சார். பரிசீலிச்சுப் பார்த்துட்டு, இதுக்கு அளவு தேவையில்லைன்னு விலக்கு குடுத்திருக்காங்க. ஆபத்து அவ்வளவு கம்மி. அதுக்காக யார் வேணா எதை வேணா விக்க முடியாது. பதிவு பண்ணின பாக்கெட்தான் விக்கணும். அந்த அம்மா வாங்கினது பதிவு பண்ணினதுதான், நானே பார்த்தேன்.”

என் வாய் சும்மா இருக்குமா? “பழைய மருந்துக்கு வாழையிலைல எவ்வளவு இருக்கலாம் மேடம்?” என்று கேட்டேன்.

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. “வாழைப்பழத்துக்கு அளவு இருக்குங்க. இலைக்குத் தனியா இருக்கான்னு... எனக்குத் தெரிஞ்சு இல்ல. பார்த்துதான் சொல்லணும்” என்றார்.

யோசித்துப் பாருங்கள். பழத்தை நாம் தோலை உரித்துவிட்டுச் சாப்பிடுகிறோம். இலை மேல்தான் கொதிக்கும் சாம்பாரை ஊற்றி, ரசத்தை ஓடவிட்டு, பாயசத்தை வழித்தும் சாப்பிடுகிறோம். பழத்துக்குக் கணக்கு இருக்கிறது... இலைக்கு? இலை சாப்பாடு இல்லை, வெறும் தட்டு என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது!

ராமதுரை சமாதானம் ஆகவில்லை. “போன்ல ஆயிரம் சொல்லலாம்” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் செல்வி அதைச் செய்தாள்.

வரிசையில் திட்டு அதிகமாக இருந்த இலையாகப் பார்த்து, அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். டம்ளரிலிருந்து கையில் தண்ணீர் எடுத்து இலை மேல் தெளித்தாள். உள்ளங்கையால் ஒரு துடை. தண்ணீரைத் தள்ளிவிட்டாள். இலை பச்சைப் பசேலென்று ஆனது. நாம் எல்லோரும் பந்தியில் யோசிக்காமல் செய்கிற காரியம்தான். அன்றைக்குத்தான் நான் அதை உற்றுப் பார்த்தேன்.

“அண்ணே, சோறு போடுங்க” என்றாள் பழனிவேலைப் பார்த்து.

மாப்பிள்ளை வீட்டாருக்கான முதல் பந்தி. அதில் இலை கொண்டுவந்த பெண் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறாள்! நித்யா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் போய் செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். “நல்லா பசிக்குதும்மா” என்றாள். அவளுக்கு அடுத்த இலையில் யார் தெரியுமா? மாப்பிள்ளை கார்த்திக். தண்ணீர் தெளித்துத் துடைத்தும் ஆயிற்று. பெரியப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தான், பாவம். பெண்ணை நல்ல இடத்தில்தான் கொடுக்கிறோம் என்று அந்த நிமிஷம் என் மனசு நிறைந்து போயிற்று.

பிறகென்ன, பந்தி மளமளவென்று நிறைந்தது.

ராமதுரை மட்டும் பேப்பர் தட்டு கேட்டார். வழவழவென்று ஒரு தட்டைக் கொடுத்தார்கள். அந்த வழவழப்பு எதனால் வந்தது, அதன் மேல் என்ன பூசியிருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி வீடு அல்லவா?

ஆனால் ஒன்று. செல்வி சாப்பிட்டுக் காட்டியது அவளுடைய தைரியத்துக்குத்தான் சாட்சி. இலைக்குச் சாட்சி ஆகுமா? ஆகாது. ஒருத்தர் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறார் என்பதெல்லாம் பரிசோதனை ஆகிவிடாது. இது எனக்குத் தெரிகிறதோ இல்லையோ, ராமதுரைக்குத் தெரியும். கிளம்பும்போது, திட்டு விழுந்த இலைகள் இரண்டை நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

ஆடி பிறந்தது. முகூர்த்தம் இல்லாத மாதம். செல்வி இலைக்கட்டோடு வருவாள், ஊர்க்கதை பேச மாட்டாள். “ஆவணிக்கு ஆர்டர் இல்லேன்னா பழைய மருந்தையே வாங்கிட்டு வந்துடறேங்கறாருக்கா. இலை பளபளன்னு இருந்தாத்தானே வாங்கறாங்கன்னு கேக்கறாரு. நான் என்ன பதில் சொல்ல?” என்றாள். முருகேசன் மறுபடியும் அந்த டேங்கோடு வெயிலில் நிற்பதை நினைத்தால் எனக்கே பயமாக இருந்தது.

ஆடிப் பெருக்கு கழிந்து ஒரு நாள் காலை போன். ராமதுரை!

“அம்மா, அந்த இலையை லேபுல குடுத்திருந்தேன். ரிப்போர்ட் வந்துடுச்சு. அவங்க தேடிப் பார்த்த ரசாயன மருந்து எதுவுமே அதுல இல்லையாம்” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒப்பிட்டுப் பார்க்கணும்னு ஒரு கடைல பளபளன்னு ஒரு இலை வாங்கி அதையும் குடுத்தேன். அதுல கொஞ்சம் மிச்சம் இருக்காம்.”

“கொஞ்சம்னா, அது சரியா தப்பா?”

“அதைத்தாம்மா நானும் கேட்டேன்! வாழையிலைக்கு இவ்வளவு இருக்கலாம்னு அவங்ககிட்ட அளவு எதுவும் இல்லையாம். என் சர்வீஸ்ல அளவு இல்லாம ஒரு போல்ட்டைக்கூட நான் பாஸ் பண்ணினது கிடையாது. நம்ம ஊர்ல தினம் இலைல சாப்பிடறோம்... விடக் கூடாதும்மா இதை. இலைக்கும் அளவு வைக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு மனு போடப் போறேன்.”

சொன்னபடி போட்டும் விட்டார். கூடவே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பழனிவேலிடமும் போயிருக்கிறார். ஆவணி ஆர்டர் செல்விக்கே திரும்பி வந்தது. அன்று அவள் என் வீட்டு வாசலில் பேசிய ஊர்க்கதை ஒரு மணி நேரம்! முருகேசன் இப்போது துணியில் வடிகட்டித்தான் அடிக்கிறார். கண் எரிச்சல் இல்லை, கையில் தடிப்பு இல்லை. இலையில் திட்டும் இல்லை.

ஆனால் ஊர் வேடிக்கை பாருங்கள். ரிப்போர்ட் சங்கதி கேட்டரிங்காரர்களிடம் பரவி, ‘வெள்ளைத் திட்டு இருந்தால்தான் நல்ல இலை’ என்று ஆகிவிட்டது. விசேஷ வீட்டுக்காரர்களே வந்து திட்டு போட்ட இலை கேட்கிறார்களாம்!

அங்கேதான் போன வாரத்துத் தில்லுமுல்லு. பழனிவேலிடம் வேறொரு வியாபாரி ஒரு லோடு இலை கொண்டு வந்திருக்கிறார். பார்த்தால் அழகான வெள்ளைத் திட்டுகள், எல்லா இலையிலும் ஒரே மாதிரி. பழனிவேலுக்கு ஏதோ இடறியிருக்கிறது. ராமதுரைக்கு போன் போட்டார். அவரும் கொள்ளிடம் பாலம் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தவர், ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

இலையைத் தடவினார். விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார்.

“டால்க் வழவழன்னு இருக்கும். இது நறநறங்குதே!”

கோலமாவு! எந்த மருந்து அடித்த இலையோ... கோலமாவைத் தூவிக் கொண்டு வந்திருக்கிறார் மனுஷர்.

பழனிவேல் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “இந்த ஊர் உருப்படாது” என்றார். எனக்கு என்னவோ சந்தோஷம் தாங்கவில்லை. முன்பெல்லாம் முருகேசன் மாதிரி ஆட்கள் மூச்சுத் திணறியாவது இலையைப் பளபளப்பாக்கத்தான் பாடுபட்டார்கள். இன்றைக்கு ஏமாற்ற நினைக்கிறவர்கூட, குறைந்த ஆபத்துள்ள இலையைப் போல வேஷம் போட வேண்டியிருக்கிறதே! கண்ணை நம்பிப் பயனில்லை, அளவும் சோதனையும் வேண்டும் என்கிற ராமதுரையின் மனுவுக்கும் இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது.

நீங்களே சொல்லுங்கள்... செல்லாத நோட்டுக்கு யாராவது கள்ள நோட்டு அடிப்பார்களா?