காற்றுக்குக் காத்திருந்த கண்டக்டர்

மருத்துவமனைச் சேர்க்கைத் தாளில், ஆளை நிமிர்ந்து பார்க்காத யாரோ எழுதியிருந்தார்கள்: ‘இல்லத்தரசி. அமைதியான சுபாவம். நன்கு ஒத்துழைப்பவர்.’ அவள் வீட்டுக்கு வருவதே தூங்குவதற்குத்தான். மற்ற நேரமெல்லாம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அமைதியைப் பற்றி அந்த வழித்தடத்துப் பயணிகளைத்தான் கேட்க வேண்டும்.

சிசேரியன் என்று முடிவானதும் நகப்பூச்சை அழி, தோட்டைக் கழற்று, தண்ணீர்கூடக் குடிக்காதே என்று ஆளுக்கொரு கட்டளை. அவளும் ஒத்துழைத்தாள், திட்டிக்கொண்டே. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகு, வயிற்றை யாரோ பிடித்து உலுக்கினார்கள்.

“என்ன டாக்டர், சீட்டுக்கு அடியில மாட்டுன மூட்டைய இழுக்கிற மாதிரி இழுக்கிறீங்க!”

திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. பின்னாலேயே ஓர் அழுகை. பெண் குழந்தை. மூச்சு கொஞ்சம் வேகமாக இருக்கிறதென்று, கன்னத்தை மட்டும் காட்டிவிட்டு, வராந்தாவின் அந்தக் கோடியில் இருந்த குழந்தைகள் பிரிவுக்குத் தூக்கிப்போய்விட்டார்கள்.

மறுநாள் நர்ஸ் வந்தாள். “எழுந்து நடங்க. நடந்தாத்தான் காத்து பிரியும், பிரிஞ்சாத்தான் சாப்பாடு. அப்படியே பாப்பாவையும் போய்ப் பார்த்துக்கலாம்.”

ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று சில்லறை கொடுப்பவளுக்கு, ஓடாத தரையில் கால் வைக்க நடுக்கம். தையல் பிரிந்து குடல் சரிந்துவிடும் என்று உறுதியாக நம்பினாள்.

மாமியார் வார்டு முழுக்கக் கேட்கும்படி வாசலில் நின்றே கேட்டார். “காத்து பிரிஞ்சுதாம்மா?”

“இன்னும் ஸ்டாப்பு வரல, அத்தை.”

கணவன் போனில் குழந்தையின் படத்தை நீட்டினான். “பாரு, அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கா.”

“சும்மா பயமுறுத்தாதீங்க.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, தையல் சுண்டியிழுக்க, தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டாள்.

பசி தாங்காமல் கடைசியில் நர்ஸிடம் சொன்னாள், “பிரிஞ்சிடுச்சு.”

“எப்போ?”

“இப்பத்தான்... கொஞ்சம் முன்னாடி.”

டிக்கெட் எடுக்காமலே எடுத்தாச்சு என்பவர்களை முகத்தைப் பார்த்தே பிடிப்பவள் அவள். நர்ஸும் அவள் முகத்தைத்தான் பார்த்தாள்.

“எடுத்தாச்சுன்னு சொன்னா விட்டுடுவீங்களா, கண்டக்டரம்மா?”

மாட்டிக்கொண்டவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இறங்கிவிடுவார்கள். கட்டிலிலிருந்து இறங்கினாள்.

வயிற்றில் தலையணை, முதுகுக்குப் பின்னால் மாமியார். பாதி வழியில், எதிரே வந்த பெரிய டாக்டர் மாமியார் வைத்த வணக்கத்துக்குத் தலையாட்டிய நேரம் பார்த்து, காற்று ஹாரன் அடித்த மாதிரி பிரிந்தது.

“பிரிஞ்சிடுச்சு டாக்டர்!” என்று கூவினார் மாமியார்.

“கேட்டுச்சும்மா,” என்றார் அவர்.

“வா வா, திரும்பு, கஞ்சி ஆறிடும்,” என்றார் மாமியார்.

அவள் திரும்பவில்லை. சுவர்க் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கோடி வரை நடந்து போய், மகளைப் பார்த்தாள்.